எழுத்துப் பிழையும் உயிர்ப் பிழையும்



பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயரின் ஓரெழுத்து மாறியதால் அடையாள அட்டைக்கு அலைந்தோர் நம் தோட்டங்களில் உளர். ஓரெழுத்தின் வலிமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வலிமை நம் உடலினுள்ளும் விளங்குவதையே இன்று பேச விழைகின்றோம்.

புரதங்கள் அமினோ அமிலங்களைக் கோத்த மாலைகள். பொதுவான அமிலங்கள் 20. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் குறியாக்கினால் புரதம் ஒரு நீண்ட சொல்லாகிவிடும். அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹாஃப் அம்மையார் கணினிக்கென இம்முறையை வகுத்தார். 1968இல் சர்வதேச சபைகள் அதனை ஒழுங்காக்கின.

மென்பொருள் இச்சொற்களை எவ்வாறு சோதிக்கின்றது? முதலில் இடைவெளிகளையும் வரியெண்களையும் நீக்கி, சிற்றெழுத்துக்களைப் பேரெழுத்தாக்குகின்றது. பின்னர் ஒவ்வோர் எழுத்தும் அந்த இருபதில் ஒன்றா எனப் பார்க்கின்றது. அரிய அமிலங்கள் இரண்டுக்கு ‘யூ’, ‘ஓ’ என்பனவும், இன்னதெனத் தெரியாத இடத்துக்கு ‘எக்ஸ்’ என்பதும் உண்டு. இவற்றை ஏற்பதா, மறுப்பதா என்று முன்னரே விதித்தல் வேண்டும். சொல்லாமல் அழித்துவிட்டால் அடுத்துவரும் இடங்களின் எண்ணெல்லாம் பிறழ்ந்துவிடும்.

ஆயினும் இச்சோதனை செக்ரோலில் பெயர் பார்ப்பது போன்றதே. பெயர் இருக்கின்றதெனச் சொல்லும்; வந்து நிற்பவர் அவர்தானா எனச் சொல்லாது. இரத்தத்து ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் ஆறாம் இடத்தில் ‘ஈ’ எனும் குளூட்டாமிக் அமிலம் நிற்கவேண்டும். அரிவாட்செல் நோயில் அங்கே ‘வீ’ எனும் வலீன் நிற்பதை 1957இல் வேர்னன் இங்கிராம் காட்டினார். தொடக்க மெதியோனீனையும் சேர்த்து எண்ணும் வழக்கில் அதே இடம் ஏழாவதாகும்! ‘ஈ’, ‘வீ’ இரண்டும் முறையான எழுத்துக்களே; எழுத்துச் சோதனை இரண்டையும் விட்டுவிடும். நம்பத்தக்க மூலத்தோடு ஒப்பிட்டாலன்றி வேறுபாடு புலப்படாது. புலப்பட்டபின்னும், அது தட்டச்சுப் பிழையா, நோயாளியின் உண்மை நிலையா என மனிதரே ஆராயவேண்டும்.

எழுத்துக்கு அப்பால் வடிவத்துக்கும் சோதனை உண்டு. அதனை உலகுக்கு அளித்தது சென்னை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர், சங்கிலி எக்கோணங்களில் மடங்கலாம், எவற்றில் அணுக்கள் மோதும் என வரைபடம் வகுத்தனர். உலகப் புரதத் தரவு வங்கிக்கு வரும் வடிவங்கள் இன்றும் அவ்வரைபடத்தோடு ஒப்பிடப்படுகின்றன. அதுவும் நடவாததையே விலக்குகின்றது. நடந்தது இதுவென உறுதி கூறுவதில்லை.

சகோதரர்களே, பிழையை விலக்க உதவுவது பொறி. உண்மையை நிறுவுவது நம் கடன். கணினி ‘சரி’ என்றபின்னும் மூலத்தை ஒருமுறை பார்ப்போம். புரதத்தைப் பதியும்போது மட்டுமன்று, நம் பிள்ளைகளின் பெயரைப் பதியும்போதும் அவ்வாறே செய்வோமாக.