வாளைப் பிரிந்த தகடுகள்

வாள் என்றால் அதன் அலகையும் கூர்மையையுமே உலகம் போற்றும். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே அமைந்த காப்புத் தகட்டை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. யப்பானியரோ அச்சிறு தகட்டையும் ஒரு தனிக் கலையாக வளர்த்தனர். ‘சுபா’ என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். குறுக்களவு ஏறத்தாழ 3 அங்குலம். கனம் பெரும்பாலும் கால் அங்குலத்திற்கும் குறைவு.

பகைவனின் வாளைத் தடுப்பதே இதன் வேலை எனப் பலர் கருதுவர். அதனினும் முக்கியமான பயன்கள் வேறு இரண்டு உள. குத்தும்போது வீரனின் கை வழுக்கித் தன் வாளின் அலகிலேயே படாது காப்பது ஒன்று. வாளின் பாரத்தைக் கைக்கு இசையச் சமன் செய்வது மற்றொன்று. தகட்டின் நடுவே உள்ள துளையினூடாக அலகின் அடிப்பகுதி கைப்பிடியினுட் செல்லும். பல தகடுகளில் அதன் பக்கங்களில் வேறு துளைகளும் உண்டு. உறையிற் செருகிய சிறு கத்திக்கும் கொண்டையூசி போன்ற கருவிக்கும் அவை இடம் விடுவன. இத்துளைகள் போக எஞ்சிய இடமே கலைஞனுக்கு உரியது.

பழைய தகடுகளை வாள் செய்த கொல்லரும் கவசம் செய்த கொல்லருமே ஆக்கினர் என்பர். அவை எளிமையானவை. முரோமாச்சிக் காலத்தில், அதாவது 1336 முதல் 1573 வரையிலான காலத்தில், இரும்பை ஊடறுத்து உருவம் அமைக்கும் முறை சிறந்தோங்கியது. துளையிட்டு, உளியால் வெட்டி, அரத்தால் அராவி, பறவையும் மலரும் சக்கரமும் வெற்றிடத்தின் நடுவே நிற்குமாறு செய்தனர். புசிமி என்னும் ஊரினரான கனேயியே, மையினால் தீட்டிய ஓவியம் போன்ற இயற்கைக் காட்சிகளை இரும்பில் அமைத்துப் புகழ் பெற்றார்.

1632இல் ஹொசொக்காவா குடியினர் ஹிகோ நாட்டின் ஆட்சியைப் பெற்றனர். அது இன்றைய குமமோத்தோப் பகுதியாகும். அக்குடியின் தலைவராயிருந்த தடவொக்கி, தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்கியூவின் மாணாக்கர். ஆரவாரமற்ற எளிமையை விரும்பிய அச்சுவை ஹிகோக் கம்மியரின் கைத்தொழிலிலும் படிந்தது. அவர்களுள் ஹயாசி மத்தசிச்சி தலைசிறந்தவர். கரிய இரும்பில் இழையளவு பொன்னைப் பதித்து, அதற்குமேல் ஒன்றும் வேண்டாமென விட்டுவிடும் அடக்கம் அவர்களுடையது.

1876இல் இத்தொழிலின் அடித்தளமே தகர்ந்தது. படையினரும் காவலரும் உரிய அதிகாரிகளும் தவிர வேறெவரும் வாள் அணியலாகாது என மெயிஜி அரசு ஆணையிட்டது. கலைஞர் பலர் பூச்சாடியும் பெட்டியும் செய்யத் தலைப்பட்டனர். வாளணி வேலையிற் பேர்பெற்ற கனோ நத்சுவோ, புதிய நாணயங்களுக்குரிய அச்சுகளைச் செதுக்கும் பணியிலும் ஈடுபட்டிருந்தார். வாளைப் பிரிந்த தகடுகள் கப்பலேறி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைந்தன. பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலை தன் தொகுதிக்கு 1908இலேயே விளக்க நூல் வெளியிட்டது.

வாளை இழந்த தகட்டுக்கு இன்று எஞ்சியிருப்பது அதன் மேனி ஒன்றே. அம்மேனியே துருவினால் ஆனது என்பதுதான் வியப்பு. துரு இரும்பைத் தின்னும் பகை. ஆயினும் கம்மியன் அதனை அளவோடு வரவழைத்து, அளவோடு நிறுத்தினான். அதன்மேல் பல தலைமுறையினரின் கை பட்டுப் பட்டு, கருமையும் செம்மையும் கலந்த ஆழ்ந்த நிறம் ஏறிற்று. சம்மட்டி பட்ட தழும்பும், விளிம்பிலே எலும்புபோற் புடைத்து நிற்கும் கடினமான முடிச்சுகளும் குறைகளல்ல. இரும்பின் இயல்பைக் காட்டும் அடையாளங்களாக அவற்றை அறிஞர் போற்றுவர்.

இதனை அறியாதார், பழையதைப் புதியதாக்கும் ஆவலில் உப்புத்தாள் கொண்டு தேய்த்து விடுகின்றனர். நானூறு ஆண்டு கொண்ட நிறம் ஒரு நாழிகையில் மறைகிறது, மறைந்தது மீள்வதில்லை. நன்கறிந்தோர், தீங்கு செய்யும் செந்துருவை மட்டும் மான்கொம்புத் துண்டால் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் நாள்தோறும் துடைப்பர். பொறுமையோடு ஆக்கிய பொருளைக் காப்பதற்கும் பொறுமையே வேண்டும்.