பெயின்ட் அடிக்கும் முன்: பிரஷர் வாஷ், கடலூர் உப்பு, சிதம்பரம் காரை

பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிச்சிடணும்னு நம்ம ஊர்ல நிறைய பேர் நினைப்பாங்க. அதுக்கு முன்னாடி பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து சுவரைக் கழுவுறதும் இப்போ சகஜமாயிடுச்சு. மெஷின்ல எத்தனை பார் பிரஷர் வருதுன்னுதான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி இருக்கு. உங்க சுவர் எதால பூசினது? கழுவின பிறகு காய்றதுக்கு நாள் இருக்கா?

முதல்ல கடலூரை எடுத்துக்குவோம். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கடல் காத்துல வர்ற உப்பு சுவர்ல படியும். செங்கல்லுக்குள்ள இருக்கிற உப்பும் ஈரத்தோட வெளியே வந்து வெள்ளையாப் பூக்கும். இந்த வெள்ளைப் பூவை நேரா தண்ணி அடிச்சுக் கழுவக் கூடாது. உப்பு கரைஞ்சு திரும்பவும் சுவருக்குள்ளேயே போயிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு உதிர்த்து, கூட்டி அள்ளின பிறகுதான் தண்ணி. போர் தண்ணி உப்பா இருந்தா, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வேணும்.

சிமென்ட் பூச்சு கெட்டியா இருந்தா பிரஷர் வாஷ் தாங்கும். முதல்ல சுவரைத் தட்டிப் பாருங்க. பொள்ளல் சத்தம் வர்ற இடத்தையும் விரிசலையும் தனியா அடையாளம் போட்டு, அங்கே ஜெட் காட்டாதீங்க. வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 100 பாருக்கு மேலயே வரும். சுவருக்கு அதுல பாதியே போதும். விசிறி மாதிரி விரியற 40 டிகிரி நாசில் போட்டு, ரெண்டு அடி தள்ளி நின்னு, மேலேர்ந்து கீழே அடிக்கணும். ஊசி மாதிரி வர்ற ஜீரோ டிகிரி நாசில் வேண்டவே வேண்டாம். சன்ஷேடுக்கு அடியில, ஜன்னல் இடுக்குல கீழேர்ந்து மேலே அடிச்சா தண்ணி வீட்டுக்குள்ள இறங்கிடும்.

இப்போ சிதம்பரம். தேரோடும் நாலு வீதியைச் சுத்தி இருக்கிற பழைய வீடுகள்ல இன்னும் சுண்ணாம்புக் காரைச் சுவர் உண்டு. நகத்தால கீறினா மாவு மாதிரி உதிர்ந்தா, அந்தச் சுவருக்கு மெஷினே கூடாது. தமிழ்நாட்டுக் கோயில்கள்ல மணலை வேகமா வீசிச் சுத்தம் பண்ணினப்போ கருங்கல் சிற்பமும் கல்வெட்டும் தேய்ஞ்சு போச்சு. பின்னாடி அரசே அதுக்குத் தடை போட்டது. கல்லுக்கே அந்த கதின்னா காரை எம்மாத்திரம்? சாதாரண ஹோஸ் தண்ணி, தேங்காய் நார், பொறுமை, அது போதும். அது மேல சுண்ணாம்பே அடிங்க. பிளாஸ்டிக் மாதிரி மூடுற பெயின்ட் அடிச்சா, உள்ள இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாம காரையையே பெயர்த்துடும்.

அடுத்து, ஆளுக்கு வர்ற ஆபத்து. மெயினை ஆஃப் பண்ணி, வெளி சுவிட்சு, மீட்டர் பெட்டியை பாலிதீன் போட்டு மூடுங்க. சர்வீஸ் ஒயர் பக்கம் தண்ணி போகவே கூடாது. மெஷினுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியா தனி கரன்ட் எடுங்க. ஏணி மேல நின்னு அடிக்காதீங்க, ஜெட் பின்னாடி தள்ளும். ஜெட் கையில பட்டு சின்னப் பொத்தல்தான்னு தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, தண்ணி தோலுக்கு உள்ளே போயிருக்கும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டா, அது கூட ஆசிட் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தின பெயின்ட், முக்கியமா கேட், ஜன்னல் கம்பியில அடிச்ச எனாமல், ஈயம் கலந்ததா இருக்கலாம். அதை ஜெட்டால உரிச்சா சில்லு சில்லா மண்ணுல விழும். அங்கேதான் குழந்தைங்க விளையாடும். கீழே தார்ப்பாய் விரிச்சு, ஈரத்தோட சுரண்டி, எல்லாத்தையும் அள்ளிடுங்க.

கடைசியா நாள் கணக்கு. 2011ல தானே புயல் கடலூர் கரையைத் தொட்டது டிசம்பர் 30. பொங்கலுக்கு ரெண்டு வாரம்தான் இருந்தது. நம்ம ஊர்ல மார்கழிச் சுவர் உள்ளுக்குள்ள ஈரமாத்தான் இருக்கும். அதுல கழுவி, மூணாம் நாள் பெயின்ட் அடிச்சா, சித்திரை வெயில்ல கொப்பளிச்சு உரியும். கூலியும் போச்சு, பெயின்ட்டும் போச்சு.

சோதனை சுலபம். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வைங்க. உள் பக்கம் நீர்த்துளி இருந்தா இன்னும் காயணும். பொங்கலுக்குக் கதவையும் உள் அறையையும் முடிச்சுக்குங்க. வெளிச் சுவரை மாசி, பங்குனிக்குத் தள்ளுங்க. பெயின்டர் அவசரப்படுத்தினா அந்த ஷீட்டைக் காட்டுங்க, அவருக்கே புரியும்.

சந்தேகம் இருந்தா சுவரை போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த பகுதியில பேசுவோம்.