ஓய்வு பெற்றோரும் கணிப்பொறி ஓவியமும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தொழில்நுட்பத் துறையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர், அதன்பின் கணிப்பொறியில் ஓவியங் கற்றல் கூடுமோ என்பதே யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். “இந்த வயதில் இனி என்ன படிப்பு?” என்னுஞ் சொல் நம் இல்லங்கள் பலவற்றிற் கேட்கின்றது. உழைத்து ஓய்ந்த மனிதரை உயிரோடு மூலையில் அமர்த்திவிடுஞ் சொல் அது.

நம் ஊர்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1922-ஆம் ஆண்டிற் சிவகாசி அய்ய நாடார் அவர்களும் சண்முக நாடார் அவர்களும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். அயலூரில் மாணாக்கராய் நிற்க அவர்கள் நாணவில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபில்கள் வேண்டியிருந்தமையின் அச்சுத்தொழிலும் உடன் தழைத்தது. கோவில்பட்டி கொண்டையராஜு அவர்களும் அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசிக் காலண்டர்களாகி வீடுதோறும் புகுந்தன. ஓவியரின் பெயரை உலகம் அறியும். அப்படத்தை நிறம் நிறமாகப் பிரித்துத் தகட்டில் ஏற்றிய தொழிலாளரை அறிவார் யார்? பிறர் படங்களை ஆயுள் முழுதும் அச்சிட்டவர், தமக்கென ஒரு படமேனுந் தீட்டாமலே ஓய்வு பெறுகின்றார். கணிப்பொறி வந்தபின் அவர் அறிவும் பயனற்றதென்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையாகும்.

கணிப்பொறித் திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் நிறங் காட்டுவது. அச்சாபீஸோ சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நிறங் காட்டுவது. ஆதலின் திரையில் மின்னும் பசுமை தாளில் மங்கும். இளைஞர் பல தாள்களைப் பாழாக்கிக் கற்கும் இதனை, அச்சுத்தொழிலில் மூத்தவர் கண்டவுடன் சொல்லிவிடுவர். 15 அங்குல அகலமும் 20 அங்குல உயரமுமுள்ள காலண்டர் படத்துக்கு, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம், 2 கோடியே 70 லட்சம் புள்ளிகள் வேண்டும். புள்ளியின் அருமை அவருக்கன்றோ தெரியும்! அவர் புதிதாகக் கற்கவேண்டுவது கருவியை மட்டுமே.

இதற்குச் சான்றுகள் உள. மதுரையிற் பிறந்த மனோகர் தேவதாஸ் அவர்கள் (1936–2022) சென்னையில் பாட்டரித் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பணி புரிந்தவர். அவர் முதன்மைக் கருவி பேனாவும் மையும். எனினும் தொழிலும் கலையும் ஒருவரிடத்தே கூடி வாழும் என்பதையும், கண்ணொளி குன்றினும் கலை குன்றாதென்பதையும் அவர் மெய்ப்பித்தார். அமெரிக்கராகிய ஹால் லாஸ்கோ (1915–2014) அச்செழுத்துக்களைக் கையால் வரையுந் தொழிலினர். எண்பது வயதுக்குமேல் மைக்ரோசாப்ட் பெயிண்ட் என்னுஞ் செயலியைக் கற்றார். கண்பார்வை கெட்டபோது, படத்தைப் பெருக்கிப் புள்ளி புள்ளியாகத் தீட்டினார். ஜப்பானியராகிய தத்சுவோ ஹொரியுச்சி, 2000-ஆம் ஆண்டளவில், கணக்கெழுதும் எக்செல் செயலியிலேயே இயற்கைக் காட்சிகள் வரையத் தொடங்கினார். ஓவியச் செயலிகள் விலை மிகுந்தவை என அவர் கருதினார். எக்செல் அவர் கணிப்பொறியில் முன்னரே இருந்தது! 2006-ல் எக்செல் ஓவியப் போட்டியிற் பரிசும் பெற்றார்.

இக்கலையில் வண்ணத்துக்குச் செலவில்லை. தவறிய கோட்டைத் தாளைக் கிழிக்காமலே நீக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2022 முதல், சில சொற்களைத் தட்டியவுடன் படம் ஆக்கித் தரும் பொறிகள் பரவியுள்ளன. சமையற்காரரிடம் இன்ன பண்டம் வேண்டுமென்று சொன்னவர் தாமே சமைத்தவர் ஆவரோ? படம் விரைவிற் கிடைப்பதன்று நாம் வேண்டுவது. கண்ணுங் கையும் மனமும் ஒன்றி உழைக்கும் இன்பமே ஓய்வு பெற்றோர்க்கு மருந்து.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் பள்ளிகளிலுள்ள கணிப்பொறிகள் மாலையில் வாளா கிடக்கின்றன. வாரம் இருநாள், ஒரு மணி நேரம், அவற்றை முதியோர்க்கும் தாய்மார்க்கும் திறந்துவிடுங்கள். மாணவர் செயலியைக் கற்பிக்கட்டும். முதியோர் நிறத்தைக் கற்பிக்கட்டும். ஆண்டிறுதியில் அவர்கள் தீட்டிய படங்களுள் ஒன்றையேனும் நம் சங்கத்தின் காலண்டரில் அச்சிடுவோம். அதன் அடியிலே தீட்டியவர் பெயரும் இருக்கட்டும்.