இரவு விடுதிக்கு என்ன பெயர் வைப்பது?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், "நைட் கிளப்" என்று சொல்லப்படுகின்ற இரவு விடுதிக்கு, அதாவது பொழுது சாய்ந்தபின் ஜனங்கள் கூடிப் பாட்டுக் கேட்டு, ஆட்டம் பார்த்து, தாங்களும் ஆடிப் பொழுது போக்குகின்ற இடத்திற்கு, எப்படிப் பெயர் வைப்பது என்பதாகும். இதென்ன பேச்சு, நாட்டில் வேறு விஷயமே இல்லையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. அது அவரவர் புத்திக்கும் பைக்கும் உட்பட்ட காரியம். ஆனால் ஒரு பெயர் என்ன வேலை செய்கின்றது, அது யாரை அழைக்கின்றது, யாரைத் தள்ளுகின்றது என்பதை யோசிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அருமை. எப்படியெனில், அரிசிக் கடையானால் அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணிக் கடையானால் துணியைத் தடவிப் பார்க்கலாம். இரவு விடுதியிலோ, வெளியில் நிற்கின்றவனுக்கு உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. அவன் கண்ணுக்குப் படுவதெல்லாம் வாசலும் அதன்மேல் இருக்கின்ற பெயரும்தான்.

நம் ஜனங்கள் ஒரு தொழிலுக்குப் பெயர் வைப்பதென்றால் முதலில் யாரிடம் போகின்றார்கள்? வரப்போகின்ற வாடிக்கைக்காரனிடம் போகின்றார்களா? இல்லை, சோதிடனிடம் போகின்றார்கள். அவன் எழுத்துக்களை எண்ணுகின்றான், எண்களைக் கூட்டுகின்றான், நடுவில் ஒரு எழுத்தை அதிகமாகச் சேர்த்துக்கொள், லாபம் கொட்டும் என்கின்றான். சேர்த்த எழுத்தினால் கூலி அவனுக்குக் கிடைத்ததைத் தவிர வேறு யாருக்கு என்ன பிரயோஜனம்? தெருவில் போகிறவன் பெயரைக் கூட்டிப் பார்த்தா உள்ளே நுழைகின்றான்?

பெயரில் சுபமும் இல்லை, அசுபமும் இல்லை என்பதற்குப் பாரிஸ் பட்டணத்தில் நடந்த சங்கதியைக் கேளுங்கள். பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்ற பைத்தியக்காரத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. ஐரோப்பாவிலும் கறுப்புப் பூனை என்றால் முகம் சுளிக்கின்ற மூடர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், மோன்மார்த்ர் என்னும் குன்றுப் பகுதியில், ரொடோல்ப் சாலி என்பவர் 1881-ம் வருஷத்தில் ஒரு இரவு விடுதி திறந்து, அதற்குக் "கறுப்புப் பூனை" என்றே பெயர் வைத்தார். விடுதி குடி முழுகிப் போயிற்றா? இல்லை. கவிகளும் சித்திரக்காரர்களும் பாட்டுக்காரர்களும் அங்கே வந்து குவிந்தார்கள். அதே பெயரில் ஒரு பத்திரிகையும் நடந்தது. 1897-ல் சாலி இறந்த வருஷம் வரையில் அந்த விடுதி நடந்தது. அதன் விளம்பரத்துக்காக 1896-ல் ஸ்டைன்லென் என்னும் சித்திரக்காரர் எழுதிய கறுப்புப் பூனைப் படம் இன்றைக்கும் உலகமெங்கும் சுவர்களில் தொங்குகின்றது.

அதைப் பார்த்து ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனா நகரத்தில் 1897-ல் இன்னொரு விடுதி திறந்தார்கள். அதன் பெயர் "நாலு பூனைகள்". அந்த ஊர்ப் பேச்சில் நாலு பூனைகள் என்றால், நாம் "ஈ காக்கை இல்லை" என்று சொல்லுகின்றோமே, ஏறக்குறைய அந்த அர்த்தம். கூட்டமே இல்லை என்று பெயர் வைத்த அந்த இடத்தில்தான், பிற்காலத்தில் உலகமே பேசிய பிக்காசோ என்னும் சித்திரக்காரர் தமது இளம் வயதில், 1900-ல், தமது படங்களைக் காட்சிக்கு வைத்தார். சோதிடனைக் கேட்டிருந்தால் இந்த இரண்டு பெயரில் ஒன்றையாவது வைக்க விட்டிருப்பானா?

அப்படியானால் ஒரு பெயர் எதனால் பலிக்கின்றது? முதலாவது, மனதில் படமாய் நிற்கவேண்டும். அதே மோன்மார்த்ர் குன்றின் அடிவாரத்தில் 1889-ல் ஒல்லே, சித்லேர் என்னும் இருவர் ஒரு ஆட்டக் கூடம் திறந்தார்கள். அந்தக் குன்றின்மேல் முன்னாட்களில் காற்றாலைகள் பல இருந்ததை ஊரார் அறிவார்கள். அதைக் கொண்டு கூடத்திற்குச் "சிவப்புக் காற்றாலை", அவர்கள் பாஷையில் "மூலன் ரூஜ்", என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பலகையில் எழுதினதோடு நில்லாமல், கூடத்தின் தலைமேல் ஒரு சிவப்புக் காற்றாலையையே கட்டிவிட்டார்கள். அதில் ஒரு பிடி மாவுகூட அரைக்கப்பட்டதில்லை. ஆனால் எழுத்துத் தெரியாதவனும், பாஷை தெரியாத அந்நியனும், தூரத்திலிருந்தே அந்தப் பெயரைப் படித்துவிடலாம். நம் நாட்டில் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னங்கள் வைத்தார்களே, அதிலுள்ள அறிவுதான் இதிலும் இருக்கின்றது. 1915-ல் அந்தக் கூடம் தீப்பிடித்து, 1921-ல் மறுபடி திறக்கப்பட்டது. 2024-ல் காற்றாலையின் இறக்கைகள் விழுந்தபோது, சில மாதங்களுக்குள் திரும்பவும் மாட்டிவிட்டார்கள். இறக்கை போனால் பெயரே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, பெரிய மனிதன் பெயரை இரவல் வாங்குவதில் பயனில்லை. பாரிஸில் 1869-ல் திறந்த ஒரு கூடத்திற்குப் பக்கத்துத் தெருவின் பெயரைக் கொண்டு "ஃபோலி த்ரெவீஸ்" என்று பெயர் வைத்தார்கள். த்ரெவீஸ் என்பது ஒரு பிரபு வம்சத்தின் பட்டப் பெயருமாகும். அந்தப் பிரபு, கூத்தாட்டக் கொட்டகையில் தம் பெயர் தொங்குவதா என்று ஆட்சேபித்தார். 1872-ல் பெயரை மாற்றி, அருகிலிருந்த வேறொரு தெருவின் பெயரை எடுத்து "ஃபோலி பெர்ஜேர்" என்று வைத்தார்கள். அதைக் கேட்டு ஆட்சேபிக்க எந்தப் பிரபுவும் இல்லை. அந்தப் பெயர்தான் உலகப் பிரசித்தமாயிற்று. கௌரவம் பிரபுவினுடைய பெயரில் இல்லை, கூடத்தில் நடந்த ஆட்டத்தில் இருந்தது என்பது இதனால் விளங்கவில்லையா?

மூன்றாவது, பெயர் மெய் பேசவேண்டும். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் 1957-ல் ஒரு கிடங்கின் நிலவறையில் ஆரம்பித்த விடுதிக்குக் "குகை" என்று பெயர். உள்ளே போனால் உண்மையாகவே குகைதான். வளைந்த செங்கல் கூரை, ஈரம், புழுக்கம். ஏமாந்தோம் என்று ஒருவனும் சொல்ல முடியாது. பீட்டில்ஸ் என்னும் வாலிபர்கள் 1961-முதல் அங்கே பாடித்தான் பேரெடுத்தார்கள். அமெரிக்காவில் நியூயார்க்கில் 1977-ல் திறந்த "ஸ்டூடியோ 54" என்பதில் 54 என்ற எண் எந்தக் கிரகத்தின் எண்? ஒன்றுமில்லை. அது 54-வது தெருவிலிருந்தது. அதற்கு முன் அங்கே டெலிவிஷன் ஸ்டூடியோ இருந்தது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

ஆனால் சரக்கின் பெயரையே விடுதிக்கு வைப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. அதே நியூயார்க்கில் 1973-ல் ஒருவர் மூன்று விதமான நாட்டுப்புறச் சங்கீதங்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து "சி.பி.ஜி.பி." என்று பெயர் வைத்தார். நாளடைவில் அங்கே வந்து பாடினவர்கள் "பங்க்" என்னும் முரட்டுப் பாட்டுக்காரர்கள். 2006-ல் மூடும் வரையில் பெயர் ஒன்று, பாட்டு வேறொன்று. நல்லவேளையாக அது வெறும் எழுத்துக்களாய் இருந்ததால் ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை.

தோழர்களே! இதுவரை நாம் சொன்னது வியாபாரத் தந்திரம். இனிச் சொல்லுவதுதான் முக்கியமான சங்கதி. ஒரு பெயர் நன்றாய்ப் பலிக்கின்றது என்பதனாலேயே அது யோக்கியமான பெயராகிவிடாது.

நியூயார்க்கில் கறுப்பு இன மக்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி ஹார்லெம். உலகக் குத்துச்சண்டையில் கனத்த எடைப் பட்டத்தை 1908-ல் வென்ற முதல் கறுப்பரான ஜாக் ஜான்சன் 1920-ல் அங்கே ஒரு விடுதி நடத்தினார். 1923-ல் ஓவ்னி மாடன் என்னும் வெள்ளைக்காரன், கள்ளச்சாராயக் கூட்டத்தின் தலைவன், அதைத் தன் கைக்குக் கொண்டுவந்து "காட்டன் கிளப்", அதாவது பருத்தி விடுதி என்று பெயர் வைத்தான். பருத்தி என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். கறுப்பு இன மக்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாய்ச் சவுக்கடிபட்டுப் பறித்ததுதான் அந்தப் பருத்தி. 1865-ல் சட்டத்தால் ஒழிந்த அடிமைத்தனத்தை, பெயர்ப் பலகையில் வேடிக்கையாக ஏற்றி வைத்தார்கள். மேடையையும் தோட்ட முதலாளியின் மாளிகையைப்போல ஜோடித்தார்கள். மேடையில் ஆடினவர்களும் பாடினவர்களும் கறுப்பர்கள். டியூக் எல்லிங்டன் என்னும் மகா சங்கீதக்காரர் 1927-முதல் அங்கே வாசித்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர்களோ வெள்ளையர்கள். கறுப்பர்கள் காசு கொடுத்தாலும் வாடிக்கைக்காரராக உள்ளே வர இடமில்லை. அவர்களுடைய தெருவில், அவர்களுடைய பாட்டு, அவர்களுடைய ஆட்டம். வாசல் மட்டும் அவர்களுக்கில்லை!

பெயர் பலித்ததா? பேஷாய்ப் பலித்தது. சுருக்கமான பெயர், ஞாபகத்தில் நிற்கின்ற பெயர், கேட்டவுடன் வெள்ளைப் பணக்காரனுக்கு, "இங்கே நீ எஜமானன்" என்று சொல்லுகின்ற பெயர். நம் நாட்டிலும் சாப்பாட்டுக் கடைப் பலகையில் ஒரு ஜாதியின் பெயரை எழுதி வைத்திருந்ததையும், 1957-ல் சென்னையில் அதை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலகையில் இருக்கும் ஒரு சொல், ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்த எவ்வளவு சுலபமாய் உதவுகின்றது பாருங்கள்!

இதற்கு மறுமொழியாக அதே நியூயார்க்கில் 1938-ல் பார்னி ஜோசப்சன் என்பவர் ஒரு விடுதி திறந்தார். அவர் செருப்பு வியாபாரத்திலிருந்து வந்தவர். வேலை வெட்டி இல்லாமல் இரவெல்லாம் விடுதிகளில் சுற்றுகின்ற சீமான்களைப் பத்திரிகைக்காரர்கள் "கஃபே சொசைட்டி" என்று அழைப்பது வழக்கம். அந்தப் பெயரையே எடுத்து, அவர்களைக் கேலி செய்வதற்காகத் தம் விடுதிக்கு வைத்துவிட்டார். பெரிய மனிதர்களுக்கு இது தகாத இடம் என்றே விளம்பரமும் செய்தார். பெயர்தான் சீமான்களுடையது, வாசலோ எல்லோருடையது. மேடையிலும் கறுப்பரும் வெள்ளையரும், நாற்காலியிலும் கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில். பில்லி ஹாலிடே என்னும் அம்மையார், கறுப்பு மக்களை மரத்தில் கட்டித் தூக்கிக் கொல்லுகின்ற கொடுமையைப் பற்றிய பாட்டை 1939-ல் முதன் முதலாகப் பாடினது அந்த மேடையில்தான். பருத்தி விடுதியில் அப்படியொரு பாட்டுக்கு இடம் கிடைத்திருக்குமா?

ஆகவே, இப்படிப்பட்ட இடத்திற்குப் பெயர் வைக்கப் போகின்றவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். சோதிடனுக்குக் கொடுக்கும் கூலியைப் பெயர்ப் பலகை எழுதுகின்றவனுக்குக் கொடுங்கள்; அவனாவது வேலை செய்வான். பெயர் சிறியதாய் இருக்கட்டும். இரைச்சலுக்கு நடுவில் ஒரு தடவை சொன்னால் கேட்பவன் திருப்பிச் சொல்லக்கூடியதாய் இருக்கட்டும். படமாய் எழுதக்கூடியதாய் இருக்கட்டும். இன்னொருவனுடைய பெயராய் இல்லாதிருக்கட்டும். நாளைக்குச் சரக்கு மாறினாலும் பொய்யாகாததாய் இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைசியாக ஒரு சோதனை வையுங்கள். அந்த இடத்தில் பாத்திரம் கழுவுகின்றவனும், மேடையில் ஆடுகின்றவளும், வாசலில் காவல் நிற்கின்றவனும் அந்தப் பெயரைத் தலை குனியாமல் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் வேலை முடிந்தபின் காசு கொடுத்து அதே வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் பூனையின் பெயரானாலும் அது நல்ல பெயர்தான். முடியாது என்றால், அது எத்தனை பேரை இழுத்தாலும், எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும், இழிவான பெயர்தான். பெயரைப் படிப்பதோடு நில்லாமல் வாசலையும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகின்றோம்.