தங்கவயல் தூசியும் வெள்ளையணுக்களும்

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய நவீன சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28-இல் நிறுத்தப்பட்டது. பாலகாட், நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் ஆகிய சுரங்கங்களில், வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அவர்கள் எடுத்த பொன், குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல் பாறையில் கலந்திருந்தது. அப்பாறையைத் துளையிட்டபோதும் வெடி வைத்துத் தகர்த்தபோதும் எழுந்த சிலிக்கா தூசி, சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை விளைவித்தது.

1940-ஆம் ஆண்டில் மைசூர் அரசு இதனை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்றது. 1940-46 ஆண்டுகளில் 7,600-க்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் ஐந்தில் இரண்டு பங்கினருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. தூசியை விட்டு விலகிய பின்னரும் நோய் உடலில் வளர்ந்து செல்வது ஏன் என்ற வினாவுக்கு, வெள்ளையணுக்களுக்குள் நிகழும் இரசாயனச் சமிக்ஞைகள் விடை தருகின்றன.

உயிரணுவுக்குள் நிகழ்வது

ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகள் வரை சென்று தங்கவல்லவை. அங்கே காவல் புரியும் விழுங்கணு, வெள்ளையணுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிருமியையும் தூசியையும் அது விழுங்கி, நொதிகள் நிறைந்த பைக்குள் இட்டுச் செரிக்க முயல்கிறது.

விழுங்கணு முழு அளவில் செயலூக்கம் பெற இரு சமிக்ஞைகள் தேவை. கிருமியின் கூறுகளோ அழற்சிப் பொருள்களோ புறச்சவ்வின் ஏற்பிகளைத் தொடும்போது முதற்சமிக்ஞை உட்கருவை அடைகிறது. அதன் பயனாக, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் தூதுப் புரதத்தின் முன்வடிவம் உருவாகிறது. ஆயினும் அது வெட்டிச் சீராக்கப்பட்டாலன்றி வேலை செய்வதில்லை.

இரண்டாம் சமிக்ஞையை அளிப்பது சிலிக்கா படிகம். நொதிகளால் கரைக்க முடியாத படிகம் பையின் சவ்வைச் சிதைக்கிறது, உள்ளிருந்த நொதிகள் உயிரணுவுக்குள் கசிகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. இம்மாற்றங்களால் என்.எல்.ஆர்.பி.3 என்னும் புரதம் விழிப்புற்று, வேறு புரதங்களுடன் இணைந்து ஒரு கூட்டமைப்பாகிறது. 2002-இல் இதற்கு இன்ஃப்ளமசோம் எனப் பெயரிடப்பட்டது. சிலிக்கா படிகங்கள் இதனைத் தூண்டுவதை 2008-இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் நிறுவின. இக்கூட்டமைப்பு காஸ்பேஸ்-1 நொதியைச் செயற்படுத்த, அந்நொதி முன்வடிவத்தை வெட்டுகிறது. வெளியேறிய தூதுப் புரதம் மேலும் பல வெள்ளையணுக்களை அழைக்கிறது.

கிருமியாயின் அது அழிந்ததும் சமிக்ஞை ஓய்ந்துவிடும். படிகமோ அழிவதில்லை. விழுங்கணு மடிந்ததும் வெளிப்படும் படிகத்தை மற்றொரு விழுங்கணு விழுங்குகிறது; அதே தொடர் மீண்டும் நிகழ்கிறது. நாரணுக்கள் கொலாஜனைக் குவிக்க, மென்மையான நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. காவலணுக்கள் நலிவதால் காசநோயும் எளிதில் பற்றுகிறது.

நிர்வாகத்தின் கடமை

ஏறிய தழும்பை மாற்றும் மருந்து இல்லை. எனவே தடுப்பே முதன்மை பெறுகிறது. நீர் பாய்ச்சித் துளையிடல், காற்றோட்டம், தூசி அளவீடு ஆகியவை முதலிடம் பெறவேண்டும். முகக்கவசம் இவற்றுக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் வெளிப்படலாமாதலால், ஓய்வுபெற்றோருக்கும் எக்ஸ்ரே பரிசோதனையும் காசநோய்ப் பரிசோதனையும் தேவை. பணிப் பதிவேடுகளைப் பாதுகாத்தலும் இன்றியமையாதது. எந்தச் சுரங்கத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதற்குச் சான்றில்லாவிடில், நோயுற்றவரின் இழப்பீட்டுக் கோரிக்கை வலுவிழக்கிறது.

தங்கவயலில் இது இன்றைய பிரச்சினையுமாகும். அங்குள்ள 13 கழிவு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் பாறைப்பொடி குவிந்துள்ளது. அவற்றிலிருந்து மீண்டும் பொன் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. நுண்ணிய தூளாக அரைக்கப்பட்ட அப்பொடியிலும் சிலிக்கா உண்டு. மேடுகளைக் கிளறும் முன்னரே தூசித் தடுப்புக்கும், தொழிலாளர், அண்டைக் குடியிருப்பினர் ஆகியோரின் மருத்துவப் பரிசோதனைக்கும் ஆகும் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்ப்பது அவசியம். அச்செலவைத் தவிர்த்துக் காட்டப்படும் இலாபம் உண்மையான இலாபமாகாது. தொழிலாளர் குடும்பங்கள் அதனைப் பின்னர் மருத்துவமனைகளில் செலுத்த நேரிடும்.