பெரிய கிண்ணத்தில் காய், சின்னக் கிண்ணத்தில் சோறு

(நாவலூரில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் உணவு ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். காலை ஏழரை மணிக்கு நம் வீடுகளில் கட்டப்படும் டப்பாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்த ஓ.எம்.ஆர். சாலையில் சிறுசேரி சிப்காட், சோழிங்கநல்லூர் கம்பெனிகளில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். சிலர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள். சிலர் அதே கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலை செய்கிறார்கள். சிலர் ஆட்டோவும் கேப்பும் ஓட்டுகிறார்கள். டப்பா கொண்டு போகாத நாளில் என்ன நடக்கிறது? கேன்டீனில் இறைச்சி ஹலாலா என்ற ஐயத்தில், டீயும் இரண்டு சமோசாவும் சாப்பிட்டுப் பொழுதை ஓட்டுகிறார்கள். இல்லையென்றால் பிரியாணி பார்சல். இரண்டுமே தினமும் ஆகாது.

டப்பா கொண்டு போகிறவர்கள் மட்டும் தப்பித்தார்களா? அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். முக்கால்வாசி வெள்ளைச் சோறு. மேலே குழம்பு. ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக, சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நாடு முழுவதும் எடுத்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. நம் நாட்டவருக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். இன்னொன்றையும் அது சொல்கிறது: அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் பெரிய பலன் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் வகைப் புரதத்தைச் சேர்ப்பதே பலனோடு தொடர்புள்ளதாகத் தெரிகிறது. ஆகவே நாலு கரண்டி சோற்றுக்குப் பதில் ஐந்து சப்பாத்தி வைத்துவிட்டு, "டயட்டில் இருக்கிறேன்" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

நம் சமையலில் குறை இல்லை, பங்கீட்டில்தான் குறை. எனவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: கிண்ணத்தை மாற்றுங்கள். கேரியரில் பெரிய கிண்ணம் காலங்காலமாகச் சோற்றுக்கு, சின்னக் கிண்ணம் காய்க்கு. அதைத் திருப்பிப் போடுங்கள். டப்பாவில் பாதி காய்கறி. கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கறி. 2024-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன ஒரு நாள் அளவில் காய்கறி, கீரை மட்டும் 400 கிராம். தானியம் 250 கிராம். தானியத்தைவிடக் காய் அதிகம் என்பதைக் கவனியுங்கள். வயிற்றைப் பங்கிட்டு உண்ணச் சொல்லும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பாடமும் இல்லை.

"காலையில் ஏது நேரம்?" என்று தாய்மார்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. அதனால் ஆறு நாளுக்கு ஆறு டப்பா சொல்கிறேன். எல்லாம் நம் வீட்டுச் சமையல்தான்.

திங்கள்: தாளிச்சா. எலும்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் போட்டு, சுரைக்காய், கத்தரிக்காய் தாராளமாகச் சேருங்கள். கொஞ்சம் சோறு, அவரைக்காய்ப் பொரியல்.

செவ்வாய்: இரண்டு முட்டைப் பொரியலில் நிறைய முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம். இரண்டு சப்பாத்தியில் சுருட்டி வையுங்கள். ஆட்டோ ஓட்டும் சகோதரர்கள் வண்டியிலேயே சாப்பிடலாம்.

புதன்: கொண்டைக்கடலைச் சுண்டல், கொஞ்சம் எலுமிச்சைச் சோறு, முழு வெள்ளரிக்காய். கடலையை முந்தின இரவே ஊறப் போட்டால் காலையில் குக்கர் பார்த்துக்கொள்ளும்.

வியாழன்: கோவளம் பக்கத்திலேயே இருக்கிறது. மத்தியோ காணாங்கெளுத்தியோ விலை குறைந்த நாளில் வாங்கி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வாட்டுங்கள். கீரைக் கூட்டும் சோறும் துணை.

வெள்ளி: ஜும்ஆ நாள், சாப்பிட நேரம் குறைவு. பட்டாணியும் பீன்ஸும் சேர்த்த கீமா, இரண்டு சப்பாத்தி, ஒரு கொய்யாப்பழம். கால் கிலோ கீமாவில் அரைக் கிலோ காய் போட்டால் நாலு பேருக்குப் போதும், பணமும் மிச்சம்.

சனி: தயிர்ச் சோறு. காலையில் சோற்றை மசித்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் விடுங்கள். மதியத்துக்குள் புளிக்காமல் உறைந்திருக்கும். துருவிய கேரட், மாதுளை முத்துகள் சேருங்கள். பக்கத்தில் பயறுச் சுண்டல்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வெயிலில் ஏழரைக்குக் கட்டிய டப்பாவை ஒன்றரைக்குத் திறக்கிறோம். ஆறு மணி நேரம். வெந்த சோற்றிலும் சில கிருமிகளின் வித்துகள் சாகாமல் இருக்கும். வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. எனவே இரவுச் சோற்றை வெளியில் வைத்துக் காலையில் கட்டாதீர்கள். கறியும் மீனும் முந்தின இரவு செய்ததானால் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்க விட்டு, சூடு தாங்கும் டப்பாவில் கட்டுங்கள். வேலையிடத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனவுடன் உள்ளே வைத்துவிடுங்கள். இரண்டும் இல்லாதவர்கள் வெயில் காலத்தில் மீனையும் கறியையும் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, சுண்டல் கொண்டு போகலாம். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடும், வேண்டாம்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்க வேண்டாம். சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பருப்பு, கறியைக் கூட்டும் முன் கேளுங்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள், இலவசம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த நோய்களுக்கான மாத்திரை வீடு தேடி வருகிறது. வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றுமில்லை.

கடைசியாக, ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மூன்று டப்பா கட்டும் பெண், தானும் வேலைக்குப் போகிறவளாக இருந்தால், அவளுடைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மிஞ்சிய சோறும் குழம்பின் அடியும்தான். முட்டையும் மீனும் எல்லோருக்கும் வைத்த பிறகு அவளுக்கு எட்டுவதில்லை. முந்தின இரவு அரை மணி நேரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குங்கள், கடலையை ஊறப் போடுங்கள். பிள்ளைகளையும் பழக்குங்கள். காலையில் முதல் டப்பா அவளுக்குக் கட்டப்படட்டும்.

நாளைக்கே ஆறு டப்பாவும் மாற வேண்டாம். இந்த வாரம் இரண்டு நாள் கிண்ணத்தை மாற்றிப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் எது ருசித்தது, எது திரும்பி வந்தது என்று வந்து சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ். நம் குடும்பங்கள் அனைத்துக்கும் அல்லாஹ் உடல் நலத்தையும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.