எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை



நம் வீட்டு விருந்துகளிலே, கோயில் மண்டபத்திலே, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு பேச்சு அடிக்கடி என் காதில் விழுகிறது. "அரசாங்கம் கோடி கோடியாய்க் கொட்டுகிறது. இவர்கள் குடித்தே அழிகிறார்கள்." இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் சொல்லும் பேச்சு இது! இதற்குப் பதில் சொல்லத்தான் இன்று மேடை ஏறியிருக்கிறேன். உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கோடு பேசுகிறேன். நார்தர்ன் டெரிட்டரி என்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1901-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தின் 127-ஆம் பிரிவு என்ன சொன்னது? நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது. 65,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அகழாய்வுத் தடயம் கிடைத்திருக்கிறது, இதே டெரிட்டரியின் மஜெட்பெபே பாறைக்குகையில்! அந்த மண்ணின் மக்களைத்தான் கணக்கில் வராதவர்கள் என்று சட்டம் எழுதினார்கள். அந்தப் பிரிவை நீக்க 1967 வரை போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஆம்" என்றார்கள்.

சரி, அதன் பிறகு எண்ணினார்கள். 2021 கணக்கெடுப்பின்படி டெரிட்டரியில் 2,32,605 பேர். அதில் பூர்வகுடிகள் 61,115 பேர். விடுபட்டவர்களையும், தம் அடையாளத்தைக் குறிக்காதவர்களையும் கணித்துச் சேர்த்தபோது அதே ஆண்டுக்கான மதிப்பீடு 76,000-ஐத் தாண்டியது. அதாவது பத்துப் பேரில் மூவர். நாடு முழுவதும் பார்த்தால் அவர்கள் பங்கு 3.8 விழுக்காடுதான். டெரிட்டரி அவர்களின் கோட்டை என்பது இதிலிருந்தே விளங்கும். அங்குள்ள நிலத்தில் ஏறக்குறைய பாதி, 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின் வழியே பூர்வகுடிகளுக்கு உரியது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. 1963-இல் யிர்கலாவின் யோல்ங்கு மக்கள் மரப்பட்டையில் மனு எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1966-இல் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வேலையை உதறிவிட்டு வெளியேறினார்கள். தங்கள் நிலத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றார்கள். அந்தப் போராட்டங்கள் பெற்றெடுத்த சட்டம் அது.

இது ஓர் இளைஞர் சமூகம். நாடு முழுவதும் பூர்வகுடிகளில் பாதிப்பேர் 24 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். மற்றவர்களின் நடுவயது 38. வார்ல்பிரி, அரண்டே, முரின்பதா, திவி, யோல்ங்கு மாத்தா, கிரியோல் என்று தாய்மொழியில் விளையாடும் குழந்தைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மனிங்ரிடா என்ற ஓர் ஊரில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் புழங்குகின்றன. அந்தக் குழந்தைகளுக்கு அரசு என்ன செய்தது? 1973 முதல் நடந்துவந்த இருமொழிக் கல்வியின் கழுத்தை 2008-இல் நெரித்தது. பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் பாடம் என்று ஆணை போட்டது. தாய்மொழிக் கல்விக்காக மேடைதோறும் முழங்குகிற நமக்கு இந்தக் கொடுமை புரிய வேண்டாமா?

அடுத்த கணக்குக்கு வருகிறேன். டெரிட்டரிப் பூர்வகுடிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் போதிய அறைகள் இல்லாத நெரிசல் வீடுகளில் வாழ்கிறார்கள். நெரிசலில் தொண்டைப் புண்ணும் தோல் புண்ணும் பரவுகின்றன. அவற்றை உண்டாக்கும் கிருமியே வாதக் காய்ச்சலையும் தருகிறது. அது குழந்தையின் இதய வால்வை அரிக்கிறது. சிட்னியிலும் மெல்போர்னிலும் ஏறக்குறைய மறைந்தே போன நோய் இது. பணக்கார நாட்டில் ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு நெஞ்சைப் பிளந்து அறுவை செய்கிறார்கள் என்றால், அது மருத்துவத்தின் தோல்வியா, வீடு கட்டித் தராத அரசின் தோல்வியா?

சிறைக் கணக்கையும் பாருங்கள். மக்கள்தொகையில் பத்துக்கு மூவர்; டெரிட்டரியின் சிறைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல்! காவலில் நிகழ்ந்த மரணங்களை விசாரித்த அரச ஆணையம் 1991-இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. அதற்குப் பிறகும் நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பூர்வகுடிகள் காவலில் இறந்திருக்கிறார்கள். குற்றப் பொறுப்புக்கான வயதை டெரிட்டரி 2023-இல் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. 2024-இல் வந்த புதிய அரசு அதை மறுபடியும் பத்துக்கு இறக்கியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கம்பி எண்ணும் பாடம்!

2007-இல் நடந்ததை மறந்துவிடாதீர்கள். குழந்தைகளைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி மத்திய அரசு இராணுவத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டெரிட்டரியின் பூர்வகுடி ஊர்களுக்குள் நுழைந்தது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அந்த மக்கள் விஷயத்தில் நிறுத்திவைத்தது. உதவித் தொகையில் பாதியை முடக்கி, எதை வாங்கலாம் என்று அரசே தீர்மானித்தது. ஊர் நிலங்களை ஐந்தாண்டுக் குத்தகைக்குக் கட்டாயமாக எடுத்துக்கொண்டது. அங்கே வாழும் மக்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை! அதுதான் என் குற்றச்சாட்டு. தலையை எண்ணினார்கள், நோயை எண்ணினார்கள், கைதியை எண்ணினார்கள். முடிவெடுக்கும் நாற்காலியில் மட்டும் அவர்களை உட்கார விடவில்லை.

"கொட்டிய பணம் எங்கே?" என்கிறீர்கள். உற்பத்தித்திறன் ஆணையம் என்ற அரசு அமைப்பு போட்ட கணக்கு உண்டு. பூர்வகுடிகளுக்கான செலவு என்று காட்டப்படும் தொகையில் ஐந்தில் நான்கு பங்கு, உங்களுக்கும் எனக்கும் சேர்த்து நடக்கும் பள்ளி, மருத்துவமனை, காவல்துறைச் செலவில் அவர்களுடைய பங்குதான். "குடி" என்கிறீர்கள். மதுவையே தொடாதவர்களின் விகிதம் மற்ற ஆஸ்திரேலியரைவிடப் பூர்வகுடிகளிடம்தான் அதிகம் என்று தேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. இனியாவது அந்தப் பேச்சை விடுங்கள்.

முடிவு அவர்கள் கையில் இருந்த இடங்களில் என்ன நடந்தது? கின்டோர் என்ற பாலைவன ஊரில் சிறுநீரகம் பழுதானவர்கள், இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்க் கிடந்தார்கள். சொந்த மண்ணை விட்டு அங்கேயே செத்தார்கள். அந்த ஊர் ஓவியர்கள் ஒன்றுகூடிப் படம் வரைந்தார்கள். 2000-இல் சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-இல் கின்டோரிலேயே இயந்திரம் ஓடியது. அப்படிப் பிறந்த பர்ப்பிள் ஹவுஸ் என்ற அமைப்பு இன்று பல தொலைதூர ஊர்களில் சிகிச்சை தருகிறது. உட்டோபியா என்னும் சிற்றூர்களின் தொகுப்பில் நிலமும் மக்களுடையது, மருத்துவ நிலையமும் மக்களுடையது. பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு, அங்கே இறப்பு விகிதம் டெரிட்டரியின் மற்றப் பூர்வகுடிகளைவிடக் குறைவு என்று காட்டியது. இதற்கு மேலும் என்ன சான்று வேண்டும்?

நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குழு ஒன்றைச் சாசனத்தில் சேர்க்கலாமா என்று 2023 அக்டோபர் 14 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. எங்களிடம் கேட்டுச் செய்யுங்கள் என்று மட்டுமே அந்த மக்கள் கேட்டார்கள். நாட்டில் அறுபது விழுக்காட்டினர் "இல்லை" என்றார்கள். டெரிட்டரியின் தொலைதூர வாக்குச்சாவடிகளோ பெருவாரியாக "ஆம்" என்றன. வடாய் ஊரில் பத்தில் ஒன்பது பேர் "ஆம்" என்றார்கள்.

நண்பர்களே, நிலம் பறிபோன வலியையும், மொழி மிதிபட்ட வலியையும் சுமந்து இங்கே வந்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த வலி நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். அவர்களை இழித்துப் பேசும் வாயை உங்கள் வீட்டுக்குள்ளேயே அடக்குங்கள். இது யாருடைய மண் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்களே நடத்தும் மருத்துவ, மொழி அமைப்புகளுக்குக் கை கொடுங்கள். வாக்குக் கேட்டு வாசலில் நிற்கும் வேட்பாளரிடம், "பத்து வயதுப் பிள்ளையைச் சிறையில் அடைக்கும் சட்டத்தை எப்போது மாற்றுவாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு நம் வாக்கு இல்லை என்று இந்தக் கூட்டத்திலேயே முடிவெடுங்கள்.